மனு கேட்காத திட்டத்துக்கு முழு மார்க்: குமரி மாவட்டத்திலிருந்து ஒரு ரிவ்யூ

மிக்சி வாங்கினால் ரிவ்யூ போடுகிறோம், புரோட்டா கடைக்கு ஸ்டார் கொடுக்கிறோம். மாதாமாதம் நம் வீட்டுக்குள் வந்து போகிற அரசுத் திட்டங்களைப் பற்றி எழுதினால் மட்டும் அது உடனே கட்சிப் பேச்சாகிவிடுகிறது. ஒரு பக்கம் "எல்லாம் ஓசி, ஜனங்களைச் சோம்பேறி ஆக்குறாங்க" என்று புலம்பல், இன்னொரு பக்கம் தலைவர் படம் போட்ட நன்றி போஸ்டர். நடுவில், அந்தச் சேவை சொன்ன நேரத்துக்கு வருகிறதா, வாங்கப் போகிறவருக்கு மரியாதை இருக்கிறதா, கிடைக்க வேண்டியவருக்குக் கிடைக்கிறதா என்று வாங்கிப் பார்த்தவர் பக்கத்திலிருந்து யாரும் எழுதுவதாகத் தெரியவில்லை. அதனால்தான் இது.

நான் கல்குளம் தாலுகா பக்கம். ரப்பரும் மரச்சீனியும் (மரவள்ளிக் கிழங்கு) தென்னையும் உள்ள ஊர். அப்பா ரப்பர் பால் வெட்டுகிறவர், அம்மா ரொம்ப வருஷம் அண்டி ஆபீஸில் பருப்பு உடைத்தவர் (வெளியூர்க்காரர்களுக்கு: முந்திரி ஆலையை இங்கே அப்படித்தான் சொல்வோம்). தெருவில் யாருக்காவது ஆன்லைனில் விண்ணப்பம் போட வேண்டும், போனில் வந்த மெசேஜைப் படித்துச் சொல்ல வேண்டும் என்றால் எங்கள் வீட்டுக்குத்தான் வருவார்கள். "மக்களே, இதுல என்னவாக்கும் எழுதியிருக்கு, ஒண்ணு பாரு" என்று போனை நீட்டுவார்கள். அப்படிப் பார்த்துப் பார்த்து எனக்கு ஒரு அளவுகோல் வந்துவிட்டது. மனு கொடுக்காமல் கிடைக்கிற திட்டம் நன்றாக ஓடுகிறது. மனு கொடுத்து, அதற்குச் சான்று இணைத்து, அந்தச் சான்றுக்கு இன்னொரு சான்று இணைக்கச் சொல்கிற திட்டத்தில், யாருக்கு ரொம்பத் தேவையோ அவர்தான் முதலில் விழுகிறார். இந்த அளவுகோலை வைத்தே எல்லாவற்றையும் பார்க்கலாம்.

முதலில் பஸ். 2021 மே மாதம் திமுக ஆட்சிக்கு வந்த கையோடு போட்ட உத்தரவு, சாதாரண கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. பின்னால் திருநங்கைகளுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் அவர்களுக்குத் துணையாக வருகிறவருக்கும் சேர்த்துக் கொடுத்தார்கள். விடியல் பயணம் என்று பெயரும் வைத்தார்கள். பெண்களுக்கு அடையாள அட்டை வேண்டாம், வருமானச் சான்று வேண்டாம், கைரேகை வேண்டாம். ஏறி உட்கார்ந்தால் கண்டக்டர் ஒரு டிக்கெட்டைக் கிழித்துக் கொடுப்பார், அவ்வளவுதான்.

இதில் எங்கள் மாவட்டத்துக்கு ஒரு தனி லாபம் இருக்கிறது. கோயம்புத்தூர், ஈரோடு பக்கமெல்லாம் பாதிக்குப் பாதி தனியார் பஸ் ஓடுகிறது, அதில் இந்தச் சலுகை கிடையாது. இங்கே மினி பஸ் சிலதை விட்டால் எல்லாம் அரசு பஸ்தான். திருவிதாங்கூர் காலத்துப் பழக்கம் அது. 1938லேயே திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவில் வழியாகக் கன்னியாகுமரிக்கு சர்க்கார் பஸ் ஓடிய தடம் இது. அதனால் சென்னையில் போட்ட உத்தரவு இங்கே பேச்சிப்பாறை பக்கத்துக் குக்கிராமம் வரைக்கும் அப்படியே போய்ச் சேர்ந்தது. அண்டி ஆபீஸுக்குப் போகிற பெண்கள், துணிக்கடையில் நிற்கிற பெண்கள், தக்கலையிலும் மார்த்தாண்டத்திலும் வீட்டு வேலைக்குப் போகிறவர்கள் எல்லாருக்கும் கூலியில் பஸ்ஸுக்கென்று போய்க்கொண்டிருந்த பங்கு அப்படியே கையில் நின்றது. அதைவிடப் பெரிய விஷயம், எங்கள் அம்மா மாதிரி ஆட்கள் இப்போது வேலையில்லாமலும் வெளியே போகிறார்கள். அக்கா வீட்டுக்கு, கோயில் கொடைக்கு, ஆஸ்பத்திரியில் கிடக்கிற யாரையாவது பார்க்க. முன்பெல்லாம் "போக வர எவ்வளவு ஆகும்" என்று கணக்குப் போட்டே பாதி ஆசையை விட்டுவிடுவார்கள்.

சரி, குறை இல்லையா? இருக்கிறது. எக்ஸ்பிரஸ் என்று போர்டு மாட்டிவிட்டால் அதில் டிக்கெட் எடுக்க வேண்டும், டவுன் பஸ் எப்போது வரும் என்று தெரியாமல் ஸ்டாப்பில் நிற்கிற பெண்கள் முன்னால் இரண்டு எக்ஸ்பிரஸ் காலியாகப் போகும். பல வண்டிகள் ரொம்பப் பழசு, மழை பெய்தால் ஜன்னலோர சீட்டில் குடை விரிக்கலாம். சாயங்காலக் கூட்டத்தைப் பற்றிப் பேசவே வேண்டாம். அப்புறம் அந்தத் தொனி. எல்லாக் கண்டக்டரும் இல்லை, ஆனால் சிலருக்குச் சும்மா ஏறுகிறவர் என்றால் ஒரு இளக்காரம். 2021 டிசம்பரில் குளச்சல் பஸ் ஸ்டாண்டில் மீன் விற்றுவிட்டு வந்த ஒரு வயதான அம்மாவை, மீன் வாடை அடிக்கிறது என்று பஸ்ஸிலிருந்து இறக்கிவிட்டது பலருக்கு நினைவிருக்கும். அவர் பஸ் ஸ்டாண்டில் நின்று சத்தம் போட்டது வீடியோவாக ஊரெல்லாம் பரவி, முதலமைச்சரே கண்டித்து, ஊழியர்களை சஸ்பெண்ட் செய்தார்கள். மீன் விற்றே பிழைக்கிற கடலோரத்தில் மீன் வாடைக்கு மூக்கைப் பொத்துகிறவர்களை என்ன சொல்வது? இவ்வளவு குறை இருந்தும் இந்த லிஸ்டில் நான் முதல் மார்க் கொடுப்பது பஸ்ஸுக்குத்தான்.

அடுத்து காலை உணவு. இதற்கும் பெற்றோர் மனு எழுத வேண்டியதில்லை, பிள்ளை பள்ளிக்கூடத்துக்குப் போனால் போதும். 2022 செப்டம்பர் 15 மதுரையில் ஆரம்பித்தது, 2023 ஆகஸ்டில் எல்லா அரசு தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்தது. ஒன்றாம் வகுப்பிலிருந்து ஐந்தாம் வகுப்பு வரை. உப்புமா, கிச்சடி, பொங்கல், கூடவே சாம்பார். ரவை உப்புமாவைப் பார்த்து முகம் சுளிக்கிற பிள்ளைகள் எங்கும் உண்டு, திங்கள்கிழமை உப்புமாவை எடுத்துவிட்டுப் பொங்கல் ஆக்கினார்கள், நல்ல முடிவு. விடியும் முன்பே பால் வெட்டப் போகிற வீடுகளில் காலையில் அடுப்பு எரிவதே லேட். பிள்ளை ஒரு சாயாவைக் குடித்துவிட்டுப் போகும், சில வீடுகளில் அதுவும் இருக்காது. அந்த வீட்டுப் பிள்ளைக்கு இது எவ்வளவு பெரியது என்று ஏசி ரூமில் உட்கார்ந்து "ஓசி" என்று எழுதுகிறவருக்குப் புரியாது.

ஆனால் இங்கேதான் குமரிக்கு ஒரு சிக்கல். எங்கள் மாவட்டத்தில் அரசு உதவி பெறும் பள்ளிகள் ரொம்ப அதிகம். சிஎஸ்ஐ, கத்தோலிக்க சபை, மற்ற நிர்வாகங்கள் என்று தலைமுறை தலைமுறையாக ஏழைப் பிள்ளைகள் படிக்கிற பள்ளிகள் அவை. அங்கே ஃபீஸ் கட்டிப் படிக்கிற பணக்காரப் பிள்ளை யாரும் இல்லை. ஆனாலும் திட்டம் முதலில் அரசுப் பள்ளிக்கு மட்டும் என்று வந்ததால், ஒரே தெருவில் பக்கத்து பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் இரண்டு பேரில் ஒருத்தி பொங்கல் சாப்பிட்டுவிட்டுப் பாடம் படிப்பாள், இன்னொருத்தி மத்தியானம் வரை காத்திருப்பாள். கிராமப்புற உதவி பெறும் பள்ளிகளுக்கு 2024 ஜூலை 15 அன்றும், நகர்ப்புற உதவி பெறும் பள்ளிகளுக்கு 2025 ஆகஸ்டிலும்தான் விரிவுபடுத்தினார்கள். கல்லூரி போகிற பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் கொடுக்கிற புதுமைப் பெண் திட்டத்திலும் இதே கதைதான். 2022 செப்டம்பரில் ஆரம்பித்தபோது ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும் என்று விதி. உதவி பெறும் பள்ளியில் தமிழ்வழி படித்த பெண்களுக்கு 2024 டிசம்பர் கடைசியில்தான் கதவு திறந்தது. அதற்குள் டிகிரியை முடித்துவிட்டுப் போன எங்கள் ஊர்ப் பெண்களுக்கு யார் என்ன சொல்வது? திட்டம் போடுகிறவர்கள் ஒரு மாவட்டத்தின் பள்ளிக்கூடக் கணக்கை ஒரு தடவை பார்த்திருந்தாலே இது தெரிந்திருக்கும். சாப்பாடு போட்டுப் படிக்க வைக்கலாம் என்று 1956இல் ஆரம்பித்த காமராஜரை 1969 இடைத்தேர்தலில் எம்பி ஆக்கி அனுப்பிய ஊர் நாகர்கோவில், அந்த உரிமையில் கொஞ்சம் சத்தமாகவே சொல்லலாம்.

ரேஷன் கடை. இதற்கு மார்க் போடுவது கஷ்டம், ஏனென்றால் எல்லாருக்கும் கார்டு இருக்கிறது, எல்லாருக்கும் ஒரு புகாரும் இருக்கிறது. 2011 ஜூனிலிருந்து அரிசி இலவசம். துவரம் பருப்பு கிலோ 30, பாமாயில் 25. வெளிக்கடை விலையோடு வைத்துப் பார்த்தால் இதை மட்டும் வைத்தே மாதத்தை ஓட்டுகிற வீடுகள் இருக்கின்றன. அரிசி நன்றாக வரும் மாதம் நன்றாக வரும், மோசமாக வரும் மாதம் கோழிக்குத்தான் போடலாம். குமரிக்காரர்களுக்குச் சிவப்புச் சம்பா அரிசிக் கஞ்சி குடித்துப் பழகிய நாக்கு, ரேஷன் அரிசியைப் பலரும் இட்லி மாவுக்கும் புட்டு மாவுக்கும் என்று ஒதுக்கிவிடுவார்கள். ஒதுக்காதவர்களின் அரிசி எங்கே போகிறது என்று கேரள எல்லையில் களியக்காவிளை வழியாகப் போகிற வண்டிகளைப் பிடிக்கிறவர்களிடம் கேட்டால் தெரியும், பேப்பரில் அடிக்கடி வருகிற செய்தி அது. அதைக் காட்டி "யாருக்கும் அரிசி தேவையில்லை, நிறுத்திவிடலாம்" என்று சொல்கிறவர்கள் ஒரு மாதம் எங்கள் தெருவில் வந்து இருக்கட்டும்.

ரேஷனில் எனக்குள்ள பெரிய புகார் கைரேகை மிஷின். அண்டிப் பருப்பு உடைக்கிற பெண்ணின் விரலைப் பார்த்திருக்கிறீர்களா? முந்திரித் தோட்டில் இருக்கிற எண்ணெய் தோலை அரித்துவிடும். ரேகை என்று ஒன்று மிச்சமிருக்காது. ரப்பர் பாலை உறைய வைக்க ஆசிட் கலக்குகிற கையும் அப்படித்தான். இந்தக் கையைக் கொண்டுபோய் மிஷினில் வைத்தால் அது "பதிவு பொருந்தவில்லை" என்று சொல்லும். உழைத்துத் தேய்ந்த விரலைப் பார்த்து நீ நீ இல்லை என்று ஒரு மிஷின் சொல்வது! அம்மா துணியில் துடைத்துத் துடைத்து வைப்பார், பின்னால் வரிசையில் நிற்கிறவர்கள் உச்சுக்கொட்டுவார்கள். கண் விழி பார்க்கிற கருவி வந்த பிறகு கொஞ்சம் பரவாயில்லை. எங்கள் கடையில் நிற்கிற பெண் தங்கமானவர், "இருங்க அத்தை, கண்ண நல்லா திறந்து பாருங்க" என்று பொறுமையாகச் செய்து கொடுப்பார். எல்லாக் கடையிலும் அப்படி ஒரு ஆள் இருப்பார் என்று சொல்ல முடியாது.

2025 ஆகஸ்டில் தாயுமானவர் திட்டம் என்று ஆரம்பித்தார்கள், 70 வயதைத் தாண்டியவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் ரேஷன் பொருள் வீட்டுக்கே வரும், மாதத்தின் இரண்டாவது சனி, ஞாயிறில் என்று அப்போது சொன்னார்கள். யோசனைக்கு முழு மார்க். எங்கள் ஊர் மாதிரி மேடும் பள்ளமுமான இடத்தில், ரோட்டிலிருந்து ரப்பர் தோட்டத்துக்குள் ஒற்றையடிப் பாதையில் இறங்க வேண்டிய வீடுகளுக்கு வண்டி வராது, கடைசிப் பகுதியை ஊழியர் தூக்கிக்கொண்டுதான் நடக்க வேண்டும். அவர்களுக்கு அதற்குத் தனியாக ஏதாவது கொடுங்கள் ஐயா. சந்தோஷமாகச் செய்வார்கள்.

இனி முதியோர் பென்ஷன். இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுத வேண்டும்.

தமிழ்நாட்டில் 1962லிருந்து இருக்கிற திட்டம் இது. அப்போது மாதம் 20 ரூபாய். 2023 ஆகஸ்டிலிருந்து 1,200. இதில் மத்திய அரசின் பங்கு எவ்வளவு என்று கேட்டால் பலருக்கு நம்ப முடியாது: 60 வயதிலிருந்து 79 வரை உள்ளவருக்கு 200 ரூபாய், 80க்கு மேல் 500. அதுவும் வறுமைக் கோட்டுப் பட்டியலில் இருப்பவர்களுக்கு மட்டும். அந்த 200 பதினைந்து வருஷத்துக்கும் மேலாக அசையவே இல்லை. மீதியை மாநிலம்தான் போடுகிறது. எல்லைக்கு அந்தப் பக்கம் கேரளாவின் பாறசாலையில் இருக்கிற சொந்தக்காரர்களுக்கு ரொம்ப நாளாக 1,600 வந்துகொண்டிருந்தது, 2025 நவம்பரிலிருந்து 2,000 ஆக்கினார்கள். கல்யாண வீட்டில் இந்தப் பேச்சு வந்தால் எங்கள் பாட்டிமார் முகத்தைப் பார்க்க வேண்டும்! நடுவில் அவர்களுக்கு மாதக் கணக்கில் பாக்கி விழுந்ததையும் சொல்ல வேண்டும், எங்களுக்குக் குறைவாக இருந்தாலும் மாதம் தவறுவது அபூர்வம்.

ஆனால் கிடைத்த பிறகு ஒழுங்காக வருகிற இந்தப் பணம், கிடைப்பதற்கு முன்னால் ஆளைப் படுத்துகிற பாடு! எங்கள் தெருக் கடைசியில் ஒரு பாட்டி இருக்கிறார், கணவர் இறந்து ரொம்ப காலம் ஆயிற்று, தனியாக ஒரு ஓட்டு வீடு. இ-சேவை மையத்தில் விண்ணப்பம் போட்டோம். அது விஏஓவிடம் (கிராம நிர்வாக அலுவலர்) போகும், அங்கிருந்து ஆர்ஐ (வருவாய் ஆய்வாளர்), அங்கிருந்து சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி தாசில்தார். கேட்க எளிதாக இருக்கிறது. பாட்டியின் ஆதாரில் ஒரு பெயர், ரேஷன் கார்டில் ஒரு பெயர். ஞானஸ்நானப் பெயர் ஒன்று, வீட்டில் கூப்பிடுகிற பெயர் ஒன்று, அந்தக் காலத்தில் பள்ளிக்கூடத்தில் வாத்தியார் எழுதியது ஒன்று என்று இருக்கிற ஊர் இது, இதில் எது சரி என்று யார் சொல்வது? ஆதாரில் பிறந்த தேதி ஜனவரி 1. ஊரில் பாதி முதியவர்கள் ஜனவரி 1 அன்றுதான் பிறந்திருக்கிறார்கள், ஆதார் எடுத்தவர் குத்துமதிப்பாக ஒரு வருஷம் போட்டார், அந்தக் குத்துமதிப்புப்படி பாட்டிக்கு இன்னும் 60 ஆகவில்லை. பேரப்பிள்ளைக்குக் கல்யாணம் ஆகிவிட்டது, பாட்டிக்கு 60 ஆகவில்லை!

அப்புறம் "மகன் இருக்கானே" என்ற கேள்வி. மகன் இருக்கிறார், வளைகுடாவுக்குப் போய் நஷ்டப்பட்டுத் திரும்பி, கேரளாவில் கொத்தனார் வேலை பார்க்கிறார், அவர் வீட்டுக்கே போதவில்லை. இதை எந்தக் கட்டத்தில் எழுதுவது? விண்ணப்பத்தில் அப்படி ஒரு கட்டம் இல்லை. ஒரு அலுவலகத்தில், பெயரைச் சொல்லப் போவதில்லை, பாட்டியை வெளியே பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு மத்தியானம் சாப்பாட்டு நேரம் வந்ததும் "நாளைக்கு வாங்க" என்றார்கள். நாளைக்குப் போனால் அந்த ஊழியர் லீவு. கடைசியில் ஆதாரைத் திருத்தி, வயதுக்கு டாக்டரிடம் சான்று வாங்கி, விசாரணைக்கு வந்த ஒரு நல்ல விஏஓ வீட்டை நேரில் பார்த்து எழுதிய பிறகுதான் உத்தரவு வந்தது. அந்த விஏஓ உள்ளே வந்து, பானையைத் திறந்து பார்த்து, ஒரு வார்த்தை பேசாமல் எழுதிக்கொண்டு போனார். அதிகாரிகள் எல்லாரும் ஒரே மாதிரி என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு திட்டம் நல்ல அதிகாரி கிடைத்தால்தான் ஓடும் என்றால் அந்தத் திட்டத்தை வடிவமைத்ததில் கோளாறு.

பணம் வாங்குவதிலும் ஒரு கதை. முன்பு தபால்காரர் மணியார்டர் கொண்டுவந்து கொடுப்பார், பத்து ரூபாயை அவருக்குக் கொடுத்தாலும் திண்ணையில் உட்கார்ந்து வாங்கலாம். இப்போது வங்கிக் கணக்கு. வங்கியின் ஆள் கையடக்க மிஷினோடு ஊருக்கு வருகிறார், அதிலும் கைரேகைதான், அதே தேய்ந்த விரல்தான். கணக்கில் குறைந்தபட்ச இருப்பு இல்லை என்று ஒரு வங்கி பாட்டியின் பென்ஷனிலிருந்தே கழித்தது, நான் போய்ச் சண்டை போட்டு ஜீரோ பேலன்ஸ் கணக்காக மாற்ற வேண்டியிருந்தது. சண்டை போட ஆளில்லாதவர் என்ன செய்வார் என்பதுதான் என் கேள்வி.

மகளிர் உரிமைத் தொகை பற்றி எல்லாருக்கும் தெரியும், சுருக்கமாகச் சொல்கிறேன். 2023 செப்டம்பர் 15, மாதம் 1,000. முதல் சுற்றில் 1 கோடியே 63 லட்சம் பேர் விண்ணப்பித்து, 1 கோடியே 6 லட்சம் பேருக்குக் கிடைத்தது. ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்குள், கரண்ட் வருஷத்துக்கு 3,600 யூனிட்டுக்குள், கார் இருக்கக் கூடாது, இப்படி விதிகள். நல்லது என்னவென்றால், விண்ணப்பத்தை ரேஷன் கடை மூலம் வீட்டுக்கே கொண்டுவந்து கொடுத்தார்கள், வருமானச் சான்று தனியாகக் கேட்கவில்லை, அரசிடம் ஏற்கனவே இருக்கிற தகவலை வைத்தே சரிபார்த்தார்கள். இதைத்தான் பென்ஷனுக்கும் செய்திருக்கலாம் என்கிறேன். கெட்டது, ஒரு கார்டுக்கு ஒருவர்தான். ஒரே கார்டில் மாமியாரும் இரண்டு மருமகள்களும் இருக்கிற கூட்டுக் குடும்பத்தில் பணம் யார் கணக்கில் வருகிறது என்பதே தனி அரசியல். நிராகரித்தவர்களுக்குக் காரணம் என்று வந்த மெசேஜ் பலருக்குப் புரியவே இல்லை. மேல்முறையீடு கோட்டாட்சியரிடம் 30 நாளுக்குள் செய்யலாம் என்பது அந்த 30 நாள் முடிந்த பிறகுதான் எங்கள் தெருவில் சிலருக்குத் தெரிந்தது. பணம் கிடைத்தவர்களைப் பற்றிக் கேட்டால், 15ஆம் தேதி என்றால் பலசரக்குக் கடைக்காரருக்கே தெரியும், அன்றைக்குத்தான் பாக்கி தீரும்.

எங்கள் மாவட்டத்துக்கே உரிய இன்னொரு பெரிய ஓட்டை நூறு நாள் வேலை. 2011 கணக்கெடுப்புப்படி குமரி மாவட்டத்தில் 82 சதவீதம் பேர் நகரத்தில் வாழ்கிறார்கள், சென்னைக்கு அடுத்து நாங்கள்தான் பெரிய நகரவாசிகள்! வந்து பார்த்தால் சிரிப்பு வரும். வாழைத்தோப்பும் குளமும் ரப்பர் தோட்டமும் ஆடு கட்டிய வீடும் உள்ள ஊருக்குப் பெயர் பேரூராட்சி. திருவிதாங்கூர் காலத்திலிருந்தே வீடுகள் விட்டு விட்டுத் தோட்டத்துக்குள் பரவிக் கிடக்கிற ஊர்கள், எங்கே ஊர் முடிந்தது எங்கே அடுத்த ஊர் ஆரம்பித்தது என்று தெரியாது, அதனால் கணக்கில் எல்லாம் நகரம். ஊரக வேலைத் திட்டம் ஊராட்சிக்கு மட்டும்தான், மாவட்டத்தில் 95 ஊராட்சிதான் இருக்கிறது. ஆக ரோட்டுக்கு இந்தப் பக்கம் ஊராட்சி, அங்கே இருக்கிற சித்திக்கு வேலை அட்டை உண்டு. அந்தப் பக்கம் பேரூராட்சி, அதே மாதிரி கூலிக்குப் போகிற எங்கள் அத்தைக்கு இல்லை. மழைக்காலத்தில் பால் வெட்டு நின்றுபோகிற மாதங்களில் இந்த வித்தியாசம் அடுப்பில் தெரியும். இதற்கு ஜீரோ மார்க் கொடுத்தால் திட்டத்துக்கு அநியாயம், எல்லை போட்டவர்களுக்குத்தான் கொடுக்க வேண்டும்.

கடப்புறத்து (கடற்கரை ஊர்கள்) விஷயம் எனக்கு நேரடியாகத் தெரிந்தது குறைவு, அம்மா வழியில் குளச்சல் பக்கம் சொந்தம் உண்டு, அவர்கள் சொன்னதை வைத்து எழுதுகிறேன். ஒரே மாவட்டத்துக்கு இரண்டு மீன்பிடித் தடைக்காலம் உள்ளது இங்கேதான்: சின்னமுட்டம் கிழக்குக் கடற்கரைக் கணக்கில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, குளச்சல், தேங்காய்ப்பட்டணம் மேற்குக் கணக்கில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. நிவாரணம் 5,000 இருந்ததை 8,000 ஆக்கினார்கள். இரண்டு மாதத்துக்கு 8,000 போதுமா என்று கேட்காதீர்கள், அந்தப் பணம் தடைக்காலம் முடிந்து வந்தால் யாருக்குப் பிரயோஜனம் என்று கேளுங்கள், அவர்களுடைய குறை அதுதான். சேமிப்பு நிவாரணத் திட்டம் ஒன்று உண்டு, மீனவர் 1,500 கட்டினால் மத்திய அரசு 1,500, மாநில அரசு 1,500 சேர்த்து 4,500 ஆகத் திருப்பித் தருவார்கள், அதைப் பலரும் நல்லதாகவே சொல்கிறார்கள். 2017 நவம்பர் ஒக்கிப் புயலில் கடலில் போனவர்கள் குடும்பத்துக்கு 20 லட்சம் கொடுத்தார்கள். அப்போதும் உடல் கிடைக்காதவர் வீட்டில் இறப்புச் சான்றுக்கு எங்கே போவது என்ற பிரச்சினை வந்தது. காணாமல் போனவர் ஏழு வருஷம் கழிந்தால்தான் இறந்தவராகக் கணக்கு என்று சட்டம். அதைத் தளர்த்திக் கொடுக்க வைப்பதற்கு அந்த ஊர்கள் ரோட்டில் உட்கார வேண்டியிருந்தது.

மக்களைத் தேடி மருத்துவத்தை விட்டுவிட்டால் பாவம். 2021 ஆகஸ்டில் ஆரம்பித்தது. பிரஷர், சுகர் உள்ளவர்கள் வீட்டுக்கு ஒரு பெண் தன்னார்வலர் வந்து பார்த்து மாத்திரை கொடுத்துவிட்டுப் போவார், நடக்க முடியாதவர்களுக்குப் பிசியோதெரபியும் உண்டு. சுகர் இல்லாத வீடு குமரியில் எங்கே இருக்கிறது? அரிசியும் மரச்சீனியும் தின்று வளர்ந்த உடம்பு. எங்கள் பகுதிக்கு வருகிறவர் அப்பாவை "மாமா, மாத்திரை எண்ணிக்கை இடிக்குதே, ராத்திரி மாத்திரைய முழுங்கல இல்லியா?" என்று மிரட்டுவார், டாக்டர் சொன்னால் கேட்காத அப்பா அவருக்குப் பயப்படுவார். இதற்கும் மனு கிடையாது, லிஸ்டை அவர்களே எடுத்துக்கொண்டு வருகிறார்கள். ஒரே வருத்தம், இவ்வளவு நடக்கிற அந்தப் பெண்ணுக்குக் கிடைப்பது ஊக்கத்தொகைதான், சம்பளம் இல்லை. மாத்திரை சில மாதங்களில் பாதிதான் வரும், அப்போது திட்டு வாங்குவதும் அவர்தான்.

கடைசியாக, புதிதாக எதற்காவது விண்ணப்பிக்கப் போகிறவர்களுக்கு. ஆதார், ரேஷன் கார்டு, வங்கிப் புத்தகம் மூன்றிலும் பெயரும் இனிஷியலும் ஒன்றாக இருக்கிறதா என்று முதலில் பாருங்கள், இல்லையென்றால் அதைச் சரிசெய்யாமல் விண்ணப்பம் போடாதீர்கள். போனில் இருக்கிற நம்பர் வீட்டில் இருக்கிற ஆளுடையதாக இருக்கட்டும், துபாயில் இருக்கிற பேரனுடைய நம்பருக்கு ஓடிபி போனால் வேலைக்காகாது. விண்ணப்ப எண் உள்ள ரசீதை வாங்காமல் மையத்தை விட்டு நகராதீர்கள். பென்ஷன் விண்ணப்பத்துக்கு இ-சேவைக் கட்டணம் ரொம்பக் குறைவு, ஒருவர் பாட்டியிடம் அதைப் பல மடங்காகக் கேட்டார், கட்டணப் பட்டியலை எங்கே ஒட்டியிருக்கிறீர்கள் என்று கேட்டதும் குறைத்துக்கொண்டார். நிராகரித்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள், திங்கள்கிழமை கலெக்டர் ஆபீஸில் மக்கள் குறைதீர்க்கும் நாள் இருக்கிறது, நாகர்கோவிலுக்குப் போக எங்கள் அம்மாமாருக்கு பஸ் சும்மாதான்.